கணினி திறக்கவில்லையா? அழிக்கும் முன் ஐந்து கேள்விகள்

(குறுவள மைய ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணினி ஆசிரியர் இல்லை. நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர். எங்கள் பள்ளியில் கணினிக்கென்று தனியாக ஒருவர் கிடையாது. அன்றைக்கு யார் அதன் அருகில் நிற்கிறார்களோ அவர்தான் கணினி ஆசிரியர். உங்களில் பலருக்கும் இதே நிலைதான் இருக்கும். "கணினி திறக்காவிட்டால் என்ன செய்வது என்று பேசுங்கள்" என்று கேட்டபோது நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், எனக்கு இதில் பெரிய அறிவு இருக்கிறது என்பதல்ல. ஒருமுறை தப்பாகச் செய்து, திரும்பக் கிடைக்காத ஒன்றை இழந்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டிலோ தெருவிலோ இருக்கும் ஒரு பெரியவரைப் பேசவைத்து, ஊரைப் பற்றி, ஏரியைப் பற்றி, அவர்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கைப்பேசியில் பதிவு செய்து வர வேண்டும். 41 பதிவுகள் வந்தன. ஏரிக்கரை உடைந்த இரவை ஒருவர் சொல்லியிருந்தார். ஒரு பாட்டி நடவுப் பாட்டு பாடியிருந்தார். இன்னொருவர், "எனக்கு என்னத்த தெரியும், போடா" என்று பேரனை விரட்டிவிட்டுப் பிறகு அரைமணி நேரம் பேசியிருந்தார்.

எல்லாவற்றையும் தலைமையாசிரியர் அறையில் இருந்த கணினியில் ஏற்றி, டி டிரைவில் வைத்தேன். சி-யில் வைத்தால் போய்விடும், டி-யில் வைத்தால் பத்திரம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். பிள்ளைகளின் கைப்பேசிகளில் இடம் வேண்டும் என்று அங்கே இருந்தவற்றை அழித்தும் விட்டோம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று கணினியைப் போட்டால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: 'நோ பூட்டபிள் டிவைஸ்'. அணைத்துப் போட்டோம். மறுபடியும் அதே வரி. எமிஸ் பதிவு வேலை வேறு காத்திருந்தது. டவுனிலிருந்து கணினி பழுதுபார்க்கும் தம்பி ஒருவரை வரச்சொன்னோம். அவர் பார்த்துவிட்டு, "ஓ.எஸ். போயிடுச்சு டீச்சர், புதுசா போட்டுடலாம். உள்ள முக்கியமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். மணி அடித்துவிட்டது. வகுப்புக்குப் போகும் அவசரத்தில், "சி-ல ஒண்ணும் இல்ல தம்பி, போடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் காதில் "ஒண்ணும் இல்ல, போடுங்க" என்பது மட்டும் விழுந்திருக்கிறது.

மதியம் வந்து பார்த்தேன். கணினி புதிதுபோல் ஓடியது. டி டிரைவ் இல்லை. வன்தட்டு முழுவதையும் துடைத்து ஒரே டிரைவாக ஆக்கியிருந்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கேட்டார், நான்தான் நின்று பதில் சொல்லவில்லை. பெற்றோர்களின் கைப்பேசிகளில் தேடியதில் ஒன்பது பதிவுகள் கிடைத்தன. மற்ற 32 போயின. அடுத்த பொங்கலுக்குள் அவற்றில் பேசிய இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒரு பையன் வந்து, "எங்க ஆயா பேசுனது கம்ப்யூட்டர்ல இருக்குல்ல டீச்சர்?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தால், திரையில் மறுபடியும் அதே வரி. இந்த முறை எங்கள் பள்ளிக்கு வந்திருந்த ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர், கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: "இதுல மணி சரியா காட்டுமா?"

எனக்குச் சுருக்கென்றது. காலாண்டுத் தேர்வுக்கு முன்பே எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் சொல்லியிருந்தாள்: "டீச்சர், இந்தக் கம்ப்யூட்டர்ல தினமும் மணி பின்னாடி போகுது." நான், "வாட்சைப் பார்த்துச் சரி பண்ணிடும்மா" என்றேன். அவளும் தினமும் சரி செய்துவந்தாள்.

பயிற்றுநர் ஏதோ ஒரு விசையை அழுத்தி நீலத்திரை ஒன்றுக்குள் போனார். அங்கே தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. ஒரே ஓர் அமைப்பை மாற்றிச் சேமித்தார். கணினி எழுந்துவிட்டது. பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, ஒரு ரூபாய் நாணயம்போல் இருந்த மின்கலம் ஒன்றைக் கழற்றிக் காட்டினார். கைக்கடிகாரக் கடையில் புதிது வாங்கிப் போட்டோம். அவ்வளவுதான் கோளாறு.

அப்படியென்றால் முதல் முறையும் வன்தட்டில் எந்தக் கோளாறும் இருந்திருக்காது. அந்த 41 பதிவுகளும் நாங்கள் அழித்த நிமிடம் வரை அங்கே பத்திரமாகவே இருந்திருக்கின்றன. இன்றைக்கு நான் சொல்லவந்தது இது ஒன்றைத்தான்: கணினி திறக்கவில்லை என்பதும், உள்ளே இருப்பவை போய்விட்டன என்பதும் ஒன்றல்ல. பெரும்பாலும் நாம் சரிசெய்யப் போகும்போதுதான் அவை போகின்றன.

கணக்கு தப்பாக வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சிலேட்டைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து போடு என்று சொல்வதில்லை. எந்தப் படியில் பிசகியது என்று பார்க்கிறோம். கணினிக்கும் படிகள் உண்டு. அவை தெரிந்தால் எங்கே பிசகியது என்று நம்மாலேயே ஓரளவு சொல்ல முடியும்.

பொத்தானை அழுத்தியதும் கணினி நேராக வன்தட்டுக்குப் போவதில்லை. தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லு இருக்கிறது. அதில் உள்ள நிரல் முதலில் ஓடும். பழைய கணினிகளில் அதற்குப் பெயர் பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. நாம் காலையில் வருகைப் பதிவேடு எடுப்பதுபோல, நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, வன்தட்டு இருக்கிறதா என்று அது சரிபார்க்கும். இது முதல் படி. பிறகு, எந்தக் கருவியிலிருந்து தொடங்குவது என்ற வரிசைப் பட்டியலைப் பார்க்கும். இது இரண்டாம் படி. பட்டியலில் உள்ள கருவியில் தொடக்க நிரலைத் தேடும். பழைய முறையில் அது வன்தட்டின் முதல் 512 பைட்டில் இருக்கும். புதிய முறையில் அதற்கென ஒதுக்கிய ஒரு சிறு பகுதியில் கோப்பாக இருக்கும். இது மூன்றாம் படி. அந்த நிரல்தான் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்புகிறது. இது நான்காம் படி.

விண்டோஸ் படம் வருவதற்கு முன்பே இவ்வளவு நடக்கிறது. எங்கள் கணினி பிசகியது இரண்டாம், மூன்றாம் படிகளுக்கு இடையில். நாங்கள் மருந்து கொடுத்தது நான்காம் படிக்கு.

இனி, அந்த ஐந்து கேள்விகள்.

முதல் கேள்வி: திரையில் என்ன எழுதியிருக்கிறது?

அணைப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு" என்று சொல்வதைவிட அந்தப் படம் நூறு மடங்கு உதவும். 'நோ பூட்டபிள் டிவைஸ்', 'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்' என்றால், தொடங்கத்தக்க கருவி எதுவும் அதன் கண்ணில் படவில்லை என்று பொருள். 'பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்' என்றால், ஒரு கருவியைப் படிக்க முடிந்திருக்கிறது, ஆனால் அதில் விண்டோஸைத் தொடங்கும் கோப்பு இல்லை. விண்டோஸ் சின்னம் வந்து, அதற்குப் பிறகு நின்றால் கோளாறு இன்னும் உள்ளே இருக்கிறது. விசிறிகூடச் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் அது மின்சாரக் கோளாறு. வன்தட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரண்டாம் கேள்வி: வெளியே என்ன செருகியிருக்கிறது?

பென்டிரைவ், மெமரி கார்டு, டிவிடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். தொடக்க வரிசையில் பென்டிரைவ் முதலில் இருந்தால், கணினி அதில் விண்டோஸைத் தேடும். கிடைக்காமல் சில கணினிகள் அங்கேயே நின்றுவிடும். முதல்நாள் வினாத்தாள் அச்செடுக்கச் செருகிய பென்டிரைவ் பின்பக்கத்தில் அப்படியே இருப்பது நம் பள்ளிகளில் அதிசயமில்லை.

மூன்றாம் கேள்வி: தேதியும் மணியும் சரியா?

கணினி தொடங்கும்போதே எஃப் 2 அல்லது டெலீட் விசையை விட்டுவிட்டு அழுத்தினால் அந்த அமைப்புத் திரைக்குள் போகலாம். சிலவற்றில் எஃப் 10 அல்லது எஸ்கேப். திரையின் அடியில் பெரும்பாலும் ஒரு நொடி எழுதிக் காட்டும். உள்ளே போனதும் முதலில் தேதியைப் பாருங்கள்.

மின்சாரம் இல்லாதபோதும் மணி ஓட வேண்டும், பழைய கணினிகளில் அமைப்புகளும் நினைவில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நாணய மின்கலம். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியிலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது சிஆர் 2032 என்ற வகை. அந்த எண்ணே அளவுதான்: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். 3 வோல்ட். வகுப்பில் அளவுகோலை வைத்து அளக்கச் சொல்லலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை, குறிப்பாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு: இந்த மின்கலத்தைக் குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாய் வெந்து உயிருக்கே ஆபத்து. பழையதைக் கழற்றினால் மேசைமேல் விட்டுவிடாதீர்கள். யாராவது விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைதான்.

மின்கலம் சோர்ந்தால் முதலில் மணி பிந்தும். எங்கள் பள்ளியில் மாலையில் மெயினை அணைத்துவிடுவோம். ஓர் இரவுக்குத் தாங்கிய மின்கலம் காலாண்டு விடுமுறைக்குத் தாங்கவில்லை. அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிட்டன. எங்கள் விண்டோஸ் 'லெகசி' என்ற பழைய முறையில் நிறுவப்பட்டது. கணினி திரும்பிய நிலையோ 'யூஇஎஃப்ஐ' என்ற புதிய முறை. தேடும் இடம் மாறிவிட்டது, தேடியது கிடைக்கவில்லை. அந்தத் தம்பி தன் பென்டிரைவிலிருந்து நிறுவுவதற்காக மறுபடி பழைய முறைக்கு மாற்றியிருக்கிறார். மின்கலத்தை மாற்றவில்லை. அதனால்தான் அடுத்த விடுமுறையில் அதே கோளாறு திரும்ப வந்தது.

இங்கே ஒரு கவனம். அந்தத் திரையில் எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பயன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நம் ஆய்வக விதிதானே இது! புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் வன்தட்டு 'பிட்லாக்கர்' பூட்டோடு வருகிறது. அமைப்பை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அந்த எண் கையில் இல்லாமல் அங்கே கைவைக்க வேண்டாம்.

நான்காம் கேள்வி: வன்தட்டின் பெயர் பட்டியலில் தெரிகிறதா?

அதே திரையில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் இருக்கும். வன்தட்டின் பெயர் அங்கே இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வருகைப் பதிவேட்டில் ஆள் இருக்கிறார். வரிசையில்தான் பின்னால் நிற்கிறார். தொடக்க வரிசையில் அதை முன்னால் கொண்டுவந்து பாருங்கள்.

பெயரே இல்லையென்றால் வன்தட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கம்பி தளர்ந்திருக்கலாம். தேர்தலுக்காக அறையைக் காலி செய்தபோது கணினியைத் தூக்கி இடம் மாற்றியிருப்போம், வெள்ளையடிக்கும்போது நகர்த்தியிருப்போம். வன்தட்டுக்குப் போகும் கம்பிகள் இரண்டு: ஒன்று மின்சாரத்துக்கு, மற்றொன்று தரவுக்கு. மின்சாரத்தைத் துண்டித்து, சுவர்ப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, இரண்டையும் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். இது பள்ளிக்குச் சொந்தமான, உத்தரவாதம் முடிந்த மேசைக் கணினிக்கு மட்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள ஆய்வகக் கணினிகளை நாம் திறக்கக் கூடாது. புகார் பதிவதே முறை.

ஐந்தாம் கேள்வி: உள்ளே இருப்பவற்றை நகல் எடுத்தாயிற்றா?

மேலே சொன்ன எதற்கும் சரியாகவில்லை என்றால்தான் இங்கே வருகிறோம். முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். வன்தட்டுக்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகின்றன. அவற்றைத் தொடாமல், தலைமுடியின் தடிமனைவிட மிகமிகக் குறைந்த இடைவெளியில் படிப்பு முனை மிதக்கிறது. 'டக்... டக்...' என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் வந்தால் அந்த முனை தடுமாறுகிறது என்று பொருள். உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை போட்டுப் பார்ப்பதும் கீறலை அதிகப்படுத்தும். உள்ளே முக்கியமானது இருந்தால் தரவு மீட்பு தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். எஸ்எஸ்டி வகையில் சுழலும் பாகம் கிடையாது, சத்தம் வராது.

சத்தம் சரியாக இருந்தால் நாமே நகல் எடுக்கலாம். உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அப்படித் திறந்தால் வன்தட்டிலுள்ள கோப்புகள் கண்ணுக்குத் தெரியும்; வேறொரு வன்தட்டுக்கு நகல் எடுக்கலாம். தொடங்கியதும் 'ட்ரை' என்றும் 'இன்ஸ்டால்' என்றும் கேட்கும். 'இன்ஸ்டால்' பக்கம் போகவே கூடாது. இல்லாவிட்டால் வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் யூஎஸ்பி இணைப்பான் வழியாகப் பொருத்தலாம். அப்போது விண்டோஸ் சில நேரம், "பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்கும். 'கேன்சல்' அழுத்துங்கள். அது கேட்கிறது என்பதற்காக நாம் சரி என்று சொல்லவேண்டியதில்லை.

நகல் எடுத்து, அந்த நகலைத் திறந்தும் பார்த்த பிறகுதான் விண்டோஸின் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', அதற்கும் சரியாகாவிட்டால் புதிதாக நிறுவுதல். தவறி அழித்துவிட்டால் அந்தக் கணினியைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். சாதாரண வன்தட்டில் அழித்த இடத்தின்மேல் வேறு எதுவும் எழுதப்படாத வரை மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. எங்களுக்கு இது தெரியாது. அழித்த பிறகு இரண்டு மாதம் அதே கணினியில் வேலை செய்தோம். இருந்த கொஞ்ச வாய்ப்பையும் மூடிவிட்டோம்.

கடைசியாக, டி டிரைவ் பற்றி. சி, டி என்பவை பெரும்பாலான பள்ளிக் கணினிகளில் இரண்டு வன்தட்டுகள் அல்ல. ஒரே வீட்டின் இரண்டு அறைகள். விண்டோஸ் கெட்டால் டி தப்பிக்கும் என்பது உண்மை. வன்தட்டே கெட்டால், அல்லது வீட்டை இடித்துக் கட்டினால், இரண்டும் சேர்ந்துதான் போகும். பிள்ளைகள், "ஏன் டீச்சர் சி-யில ஆரம்பிக்குது, ஏ, பி எங்க?" என்று கேட்பார்கள். 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதில் வன்தட்டு கிடையாது. நெகிழ்தட்டுகளுக்குத்தான் ஏ, பி என்ற பெயர்கள். 1983இல் வந்த எக்ஸ்டி என்ற கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு வந்தது. அதற்குச் சி என்ற பெயர் அமைந்தது. நெகிழ்தட்டு மறைந்தும் எழுத்து நின்றுவிட்டது. இன்று ஒரு கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்கே அந்த 10 மெகாபைட் போதாது.

முக்கியமான எதற்கும் மூன்று பிரதி வேண்டும். அவை குறைந்தது இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது பள்ளிக்கு வெளியே இருக்க வேண்டும். நாங்கள் இப்போது மாதத்தின் கடைசி வேலைநாளில் பிள்ளைகளின் படைப்புகளை ஒரு வெளி வன்தட்டிலும் இணையச் சேமிப்பிலும் ஏற்றுகிறோம். அந்தப் பொறுப்பை எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் எடுத்துக்கொள்கிறார்கள். ஏற்றியதை ஒருமுறை திறந்து பார்த்து, பதிவேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார்கள். அதே பதிவேட்டில் இன்னொரு பத்தியும் உண்டு: கணினியில் வழக்கத்துக்கு மாறாக என்ன தெரிந்தது? மணி பிந்துகிறதா, புதுச் சத்தம் கேட்கிறதா, திறக்க நேரம் எடுக்கிறதா? எதுவாக இருந்தாலும் எழுதலாம். சின்ன விஷயம் என்று நான் இப்போது எதையும் தள்ளுவதில்லை.

போன ஆண்டு மறுபடியும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெரியவர்களிடம் அனுப்பினோம். 36 பதிவுகள் வந்தன. அந்த நடவுப் பாட்டைப் பாடிய பாட்டி மறுபடியும் பாடினார். இந்த முறை இரண்டு அடி மறந்துபோயிற்று என்றார். ஆயாவைக் கேட்ட அந்தப் பையன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். அவனுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

நாளைக்கு உங்கள் பள்ளிக் கணினி எழாவிட்டால், யாராவது வந்து, "உள்ள முக்கியமா ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். மணி அடித்திருந்தாலும் ஒரு நிமிடம் நின்று பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.